கண் அசந்து திருத்திய மூன்று விடைத்தாள்கள்

ஆண்டவருடைய பிள்ளைகளே, எல்லாருக்கும் என் அன்பின் வணக்கம். இதை எழுதித் தரச் சொல்லி நம் சபையில் என்னை மூன்று தடவை கேட்டார்கள். மூன்று தடவையும் ஏதாவது சாக்குச் சொல்லி நழுவிவிட்டேன். வியாதி வந்தது, ஜெபித்தேன், குணமானது என்றால் எழுந்து நின்று சொல்லிவிடலாம். என் சாட்சியில் என் தப்பும் கூடவே வருகிறது. அதை விட்டுவிட்டுச் சொன்னால் சாட்சியாக இருக்காது, பீற்றலாக இருக்கும். அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் சாந்தகுமாரி. சிங்காநல்லூரில் குடியிருக்கிறோம். பெண்கள் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். வீட்டுக்காரர் தேவராஜ், மில்லில் ஃபிட்டர். ஒரே மகள். என் அப்பாவும் அம்மாவும் பெருந்துறைப் பக்கம் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து என்னை எம்.எஸ்ஸி. வரைக்கும் படிக்க வைத்தவர்கள். எங்கள் சொந்தத்தில் சாக்பீஸ் பிடித்த முதல் ஆள் நான்தான். அந்த நினைப்பு எனக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

கோபமும் அதிகம். அதிலும் வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். ஜனவரி பிறந்துவிட்டால் எங்கள் பள்ளியில் பிளஸ் டூவுக்குக் காலை ஐந்தரைக்கே ஸ்பெஷல் கிளாஸ். சாயங்காலம் ஏழு மணி வரை டெஸ்ட். சூலூர்ப் பக்கமிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிற பிள்ளைகள் எல்லாம் உண்டு. ஏழு மணிக்குள் பாதிப் பேருக்குக் கண் சொருகிவிடும். முகம் கழுவிவிட்டு வரச் சொல்வேன். மறுபடியும் சொருகினால் மணி அடிக்கிறவரை நிற்க வைப்பேன். நான் நாலு மணி நேரம்தான் தூங்குகிறேன், எனக்கு என்ன கேடு வந்துவிட்டது என்று கேட்பேன். ஒரு பிள்ளை நின்றபடியே தூங்கி, முன் பெஞ்சில் மோதி உதட்டைக் கிழித்துக்கொண்டாள். அதற்கும் அவளைத்தான் திட்டினேன். நூற்றுக்கு நூறு தேர்ச்சி காட்டுகிற டீச்சர் என்று பெயர் வாங்கியிருந்தேனே, அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டாமா?

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. அந்த ஏப்ரலில் விடைத்தாள் திருத்துகிற முகாமுக்குப் போட்டிருந்தார்கள். கோயம்புத்தூரிலேயே ஒரு பள்ளிக்கூடம். மேசைக்கு ஏழெட்டு ஆசிரியர்கள், அவர்களுக்கு மேலே ஒரு சீஃப். காலையில் ஒரு கட்டு, மதியம் ஒரு கட்டு. எந்த ஊர்ப் பேப்பர் என்று எங்களுக்குத் தெரியாது. பிள்ளையின் நம்பரைக் கிழித்துவிட்டு வேறொரு நம்பர் போட்டுத்தான் கொடுப்பார்கள்.

முகாமின் கடைசி வாரம், ஒரு வியாழக்கிழமை. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டுக் கட்டடத்தில் அனல் அடித்தது. மேலே ஃபேன் சுற்றியது, காற்றுத்தான் வரவில்லை. நான் ஒரு பேப்பரைத் திறந்தேன். அது நன்றாக நினைவிருக்கிறது. அடுத்து எனக்கு நினைவிருப்பது, சிவப்புப் பேனா கையிலிருந்து நழுவி மேசையில் உருண்ட சத்தம். திடுக்கிட்டு நிமிர்ந்து பார்த்தேன். திருத்தி முடித்த பக்கத்தில் மூன்று பேப்பர் கூடியிருந்தது. மூன்றிலும் என் கையெழுத்து, என் டிக், என் கூட்டல். எதையும் படித்த நினைவு எனக்கு இல்லை.

ஒன்றே ஒன்று மட்டும் கண்ணில் நின்றது. மூன்றில் ஒன்றின் கடைசிப் பக்கத்தில், சாய்ந்த கையெழுத்தில் ஒரு வரி: அம்மா, என்னை எப்படியாவது பாஸ் பண்ணி விடுங்க.

பிள்ளைகள் இப்படி எழுதுவது புதிதல்ல. வருஷத்துக்கு நாலைந்து பார்ப்போம், பார்த்துச் சிரித்துவிட்டுத் தள்ளுவோம். ஆனால் எல்லாரும் ஐயா என்றுதான் எழுதுவார்கள். திருத்துகிறது ஆணா பெண்ணா என்று அந்தப் பிள்ளைக்கு எப்படித் தெரியும்? அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துப் பார்க்கலாம் என்று கை நீட்டுவதற்குள் அட்டெண்டர் வந்து திருத்தி முடித்த பேப்பரை எல்லாம் வாரிக்கொண்டு போய்விட்டார்.

நில்லுங்கள், அதைக் கொடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். தூங்கிவிட்டேன் என்று நான் எப்படிச் சொல்வேன்? கூட்டலைச் சரிபார்க்க அங்கே தனி ஆள் உண்டு. படித்தேனா இல்லையா என்று சரிபார்க்க ஆள் கிடையாது. வாயை மூடிக்கொண்டு அடுத்த பேப்பரை எடுத்தேன்.

அன்று ராத்திரியிலிருந்து எனக்குத் தூக்கம் போய்விட்டது.

முதல் வாரம் வெயில் என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் காப்பியை நிறுத்திப் பார்த்தேன். கண்ணை மூடினால் அந்தச் சாய்ந்த எழுத்து வந்து நிற்கும். விடிகிற நேரத்தில் ஒரு மணி நேரம் கண் அசரும், அதிலும் பேனா உருளுகிற சத்தம் கேட்டு விழித்துவிடுவேன். பக்கத்தில் என் வீட்டுக்காரர் மில் சத்தத்தில் பழகிய மனுஷர், அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார். அவரைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரமாக வரும். ஒரு நாளும் எழுப்பவில்லை.

ஜெபம் பண்ணாமல் இல்லை. ஆண்டவரே தூக்கத்தைத் தாரும் என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏன் போயிற்று என்பதை அவரிடம்கூட நான் எடுக்கவில்லை.

மே மாதம் ரிசல்ட் வந்தது. எங்கள் பள்ளியில் என் பாடத்தில் எல்லாரும் பாஸ். தலைமையாசிரியை ஸ்வீட் கொடுத்தார். நாலு நாள் கழித்துப் பேப்பரில் ஒரு மூலையில் சின்னச் செய்தி. கோபிசெட்டிபாளையம் பக்கத்துக் கிராமம், வேதியியலில் தேறாத மாணவி வீட்டை விட்டுப் போனவள் திரும்பவில்லை, பெற்றோர் தேடுகிறார்கள். அப்பா பெயரும் ஊர்ப் பெயரும் போட்டிருந்தது.

அவள்தான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. அப்படிச் சொல்ல என்ன ஆதாரம் என்று கேட்டால் ஒன்றும் இல்லை. எத்தனை ஆயிரம் பிள்ளைகள் எழுதியிருப்பார்கள், எத்தனை முகாமில் திருத்தியிருப்பார்கள். அறிவுக்கு அதெல்லாம் தெரியும். தூங்காத மனசு அறிவின் பேச்சைக் கேட்காது. அந்தத் துண்டை வெட்டி என் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். எதிரே வருகிற பெண் பிள்ளைகளின் முகத்தை எல்லாம் உற்று உற்றுப் பார்ப்பேன். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கிழக்கேயிருந்து வருகிற பஸ் நின்றால், எல்லாரும் இறங்கி முடிகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

சமையலறையில் நின்றுகொண்டிருக்கும்போது பின்னாலிருந்து யாரோ அம்மா என்று கூப்பிடுவார்கள். மகளாக இருக்கும் என்று திரும்பிப் பார்த்தால் அவள் வெளியே போயிருப்பாள். இதையெல்லாம் அன்றைக்கு யாரிடமும் சொல்லவில்லை. பைத்தியம் என்று சொல்லிவிடுவார்களோ என்று பயம். இப்படியே கண்ணை மூடி, திறக்காமலே இருந்துவிட்டால் தேவலை என்று தோன்ற ஆரம்பித்தது. அந்த நினைப்பு வந்ததை மறைக்காமல் எழுதுகிறேன், ஏனென்றால் இதைப் படிக்கிற யாருக்காவது அது வந்திருக்கலாம்.

ஜூனில் பள்ளி திறந்தது. இரண்டாவது வாரம் புது பிளஸ் டூ பிள்ளைகளின் நோட்டுகளை வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நோட்டில் அதே சாய்ந்த எழுத்து. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் அந்தப் பிள்ளையின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, நீதானே எழுதினாய், நீதானே எழுதினாய் என்று கத்தியிருக்கிறேன். தன் நோட்டைத்தான் கேட்கிறேன் என்று நினைத்து அவளும் அழுதுகொண்டே ஆமாங்க டீச்சர், ஆமாங்க டீச்சர் என்றிருக்கிறாள். பக்கத்து வகுப்பிலிருந்து கண்ணம்மாள் டீச்சர் ஓடி வந்து என்னைப் பிடித்து லேபுக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

கண்ணம்மாள் டீச்சர் தாவரவியல். கோபிப் பக்கம் நல்ல தோட்டந்துரவு உள்ள குடும்பம். எங்களுக்குள் பாடத்தைத் தவிரப் பெரிய பேச்சு இருந்தது கிடையாது. என்னை ஸ்டூலில் உட்கார வைத்து, எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டார். சொன்னேன். தூங்காததை மட்டும்தான் சொன்னேன். டாக்டரிடம் போகலாம் என்றார். மனசுக்கு வைத்தியம் பார்க்கிற டாக்டர். நான் விசுவாசி, எனக்கு எதற்கு அந்த டாக்டர், ஜெபத்தில் கேட்டுக்கொள்கிறேன் என்று வீராப்பாகச் சொன்னேன்.

"காச்சலுக்குப் போறோம், பல்லு வலிச்சாப் போறோம். இதுக்கு மட்டும் ஏனுங்க டீச்சர் சாமியே பாத்துக்கட்டும்னு உட்டர்றீங்க?" என்றார்.

வீட்டுக்காரர் சபையில் சொல்லி, எனக்காக முழு இரவு ஜெபம் வைத்தார்கள். தூக்கம் வராதவளுக்காக எல்லாரும் விடிய விடியத் தூங்காமல் உட்கார்ந்திருந்தோம். சிரிக்காதீர்கள், அன்றைக்கு அது எங்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. அவ்வளவு பாரத்தோடு ஜெபித்தார்கள். ஒவ்வொருவராக என் தலையில் கை வைத்து, இந்தச் சகோதரிக்கு இளைப்பாறுதலைத் தாரும் என்று கண்ணீர் விட்டார்கள். அந்தக் கைகளுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு நான் நினைத்தது இதுதான்: இவர்களுக்குத் தெரிந்தால் இந்தக் கையை வைப்பார்களா? இரண்டு மணி சுமாருக்குப் பாஸ்டர் அம்மா பாயிலேயே சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்கு அவரைப் பார்க்கப் பொறாமையாக இருந்தது. விடிந்ததும் டீ குடித்தோம். எல்லாரும் வீட்டுக்குப் போய்ப் படுத்தார்கள். நான் படுத்து மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை, முதல் பீரியட் எனக்கு ஓய்வு. லேப் ஸ்டோர் ரூமில் அமில பாட்டில்களுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தேன். அங்கே நிற்கவே எனக்குப் பயமாக இருந்தது. எதற்குப் பயம் என்று சொல்ல வேண்டியதில்லை. கதவை விரியத் திறந்துவைத்துவிட்டு, வாசல்படியிலேயே முழங்கால் போட்டேன். அன்றைக்குத்தான் முதல்முறையாக உள்ளதைச் சொல்லி ஜெபித்தேன். ஆண்டவரே, நான் தூங்கிப்போனேன். மூன்று பிள்ளைகளின் பேப்பரைப் படிக்காமல் மார்க் போட்டேன். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. எனக்குத் தூக்கம் வேண்டாம். அந்தப் பிள்ளை எங்கே இருந்தாலும் உயிரோடு வீடு வந்து சேரட்டும். நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

ஆமென் என்று எழுந்து திரும்பினால், கண்ணம்மாள் டீச்சர் வராந்தாவில் நிற்கிறார். அவ்வளவையும் கேட்டிருக்கிறார். திட்டுவார் என்று நினைத்தேன். ஊர்ப் பெயர் என்ன என்று மட்டும் கேட்டார். நான் பேப்பர் துண்டை எடுத்துக் கொடுத்தேன். படித்துவிட்டு, அவர் அண்ணன் தோட்டத்திலிருந்து நாலு மைல்தான், நாளைக்கு லீவு, போகலாம் என்றார்.

சனிக்கிழமை காலை பஸ் ஏறினோம். கோபியில் இறங்கி டவுன் பஸ் மாறி, வாழைத்தோட்டத்துக்கு நடுவே நடந்து போனோம். சின்ன ஓட்டு வீடு. வாசலில் ஒரு அம்மா மாட்டுக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தார். கண்ணம்மாள் டீச்சர்தான் பேசினார். கோயமுத்தூரில் டீச்சர்கள், பேப்பரில் பார்த்தோம், மனசு கேட்கவில்லை, வந்தோம் என்றார்.

அந்த அம்மா கையைச் சீலையில் துடைத்துக்கொண்டு எங்களை உள்ளே கூப்பிட்டார். "வாங்க, உக்காருங்க. மெதுவாப் பேசுங்க. புள்ள தூங்கறா."

எனக்குக் காது கேட்டதா என்று சந்தேகம் வந்துவிட்டது. யார் என்று கேட்டேன். என் மகள்தான், நேற்று மத்தியானம் வந்து சேர்ந்தாள் என்றார். கூடப் படித்தவளின் அக்கா திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறாளாம், அவள் வீட்டில் ஒளிந்திருந்திருக்கிறாள். நேற்றுக் காலையில் என்ன தோன்றியதோ, தானே பஸ் ஏறி வந்துவிட்டாளாம்.

நேற்றுக் காலை. நான் ஸ்டோர் ரூம் வாசலில் முழங்கால் போட்ட அதே காலை. நீங்கள் தற்செயல் என்று சொன்னால் நான் சண்டைக்கு வரமாட்டேன். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

உள்ளறைக் கதவு பாதி திறந்திருந்தது. பாயில் ஒருக்களித்துப் படுத்து, வாயை லேசாகத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். காலையில் பதினொரு மணி. பதினேழு பதினெட்டு வயசுப் பிள்ளை இப்படித் தூங்கி நான் பார்த்ததே இல்லை. நான் பார்த்ததெல்லாம் முகம் கழுவிவிட்டு வா என்று எழுப்பிவிட்ட பிள்ளைகளைத்தான். பரீட்சைக்கு இரண்டு மாசத்துக்கு முன்னாலிருந்தே இவளுக்குத் தூக்கம் இல்லை, கண்ணைத் திறந்துகொண்டே கிடப்பாள், நாங்கள் நன்றாகப் படிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டோம் என்று அந்த அம்மா சொன்னார். வந்ததிலிருந்து தூங்குகிறாளாம், எழுப்ப மனசு வரவில்லையாம்.

பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "ஏனுங் டீச்சர், பேப்பர் திருத்தறவங்க முழுசாப் படிச்சுத்தானுங்க மார்க்குப் போடுவாங்க?"

கண்ணம்மாள் டீச்சர் ஆமாங்க என்று சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன். "நான் படிக்கலீங்க. தூங்கிப்போட்டேன். உங்க புள்ள பேப்பரான்னு தெரியாது. ஆனா மூணு பேப்பர் படிக்காமத்தான் போட்டேனுங்க."

அந்த அம்மா எழுந்து போய் உள்ளறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அழுவார், அடிப்பார், வெளியே போ என்பார் என்று எதை எதையோ எதிர்பார்த்தேன். குரலைக்கூட உயர்த்தாமல் சொன்னார். "எங்கிட்டச் சொல்லி என்னங்க ஆகப்போவுது? சொல்ற எடத்துல போய்ச் சொல்லுங்க."

எழுந்துவிட்டோம். வாசலைத் தாண்டும்போது, மோர் குடித்துவிட்டுப் போங்கள் என்று கூப்பிட்டுக் கொடுத்தார். முகத்தில் சிரிப்பு இல்லை. அந்த மோரை நான் எப்படி விழுங்கினேன் என்று எனக்குத்தான் தெரியும். அவள் விழித்ததும் இதையெல்லாம் சொல்ல வேண்டாம் என்று நான் கேட்கவில்லை.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனா உருண்டதிலிருந்து மோர் வரைக்கும். வேலை போய்விடலாம் என்பதையும் சொன்னேன். அவர் வேலையைப் பற்றிக் கேட்கவே இல்லை. "ரெண்டு மாசமா பக்கத்துலயேதான படுத்திருந்தேன். ஒரு வாட்டி என்னைய எழுப்பியிருக்கக் கூடாதா?" என்றார். அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன்.

திங்கட்கிழமை லீவு போட்டுவிட்டு, முகாமில் எனக்கு சீஃபாக இருந்தவரைப் போய்ப் பார்த்தேன். வேறொரு பள்ளியின் தலைமையாசிரியர், ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருந்தது. கேட்டதும் முகம் சிவந்துவிட்டது. இரண்டு மாசம் கழித்து வந்து சொல்கிறீர்களே, உங்களுக்கே நன்றாக இருக்கிறதா என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். எந்த நாள், எந்த வேளை, எந்த மேசை என்று எழுதிக் கொடுத்தால் கட்டை எடுத்துப் பார்க்கச் சொல்ல முடியும், ஆனால் உங்களுக்கு மெமோ வரும் என்றார். வரட்டும் என்று எழுதிக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்டு முடித்த பிறகு, குரலைத் தணித்துக்கொண்டு, அந்த முகாமில் மத்தியான வேளையில் தானும் இரண்டு தடவை கண் அசந்ததாகச் சொன்னார். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளக் கூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

திரும்பி வரும்போது சிங்காநல்லூர் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. எங்கே ஏறினேன் என்று தெரியும், பிறகு ஒன்றும் தெரியாது. கண்டக்டர் வந்து, கடைசி ஸ்டாப்புங்க அம்மணி, இறங்குங்க என்று தோளைத் தட்டாமல் கம்பியைத் தட்டினார். சேலையில் எச்சில் வடிந்திருந்தது. முக்கால் மணி நேரம் தூங்கியிருக்கிறேன். பேனா சத்தம் இல்லை, சாய்ந்த எழுத்து இல்லை. ஒன்றும் தீரவில்லை, கட்டை இன்னும் எடுக்கவில்லை, மெமோ வரவில்லை, வேலை இருக்குமா தெரியாது. அதற்கு முன்னாலேயே ஆண்டவர் எனக்குத் தூக்கத்தைக் கொடுத்துவிட்டார். நான் வேண்டாம் என்று சொன்ன பிறகு கொடுத்தார். பஸ் ஸ்டாண்டில் நின்று வாய்விட்டு ஸ்தோத்திரம் சொன்னேன். பக்கத்தில் நின்றவர்கள் விலகிப் போனார்கள்.

அதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுதினால் பொய். மறுநாள் ராத்திரி மறுபடியும் முழிப்புத்தான். கண்ணம்மாள் டீச்சர் கூட வர, அந்த டாக்டரிடம் போனேன். அவர் மாத்திரை எழுதுவதற்கு முன்னால் நான் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறேன், எத்தனை வருஷமாக என்று கேட்டார். கணக்குச் சொல்லச் சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. நீண்ட நாள் தூங்காதவர்களுக்குக் கண் திறந்திருக்கும்போதே கனவு வரலாம், குரல் கேட்கலாம், அது பைத்தியம் இல்லை, நோய், தீரும் என்றார். ஆறு மாசம் மாத்திரை சாப்பிட்டேன். ஒவ்வொரு மாத்திரைக்கும் ஸ்தோத்திரம் சொல்லித்தான் சாப்பிட்டேன். விசுவாசிக்கு டாக்டர் எதற்கு என்று கேட்ட நாக்கு இதே நாக்குத்தான்.

ஆகஸ்டில் தேர்வுத் துறையிலிருந்து கூப்பிட்டு அனுப்பினார்கள். அன்றைய இரண்டு கட்டுகளையும் எடுத்து, வேறு இரண்டு ஆசிரியர்களை வைத்து முழுசாகத் திருத்தியிருந்தார்கள். நான் கண் அசந்த அந்த மூன்று பேப்பரிலும் பெரிய குறை ஒன்றும் இல்லை. இங்கே ஒரு மார்க், அங்கே அரை மார்க். யாருடைய தேர்ச்சியும் மாறவில்லை. என் கை பழக்கத்தில் சரியாகவே போட்டிருக்கிறது. கடைசிப் பக்கத்தில் அப்படி ஒரு வரி இருந்ததா என்று கேட்டேன். இரண்டு கட்டிலும் அப்படி எழுதிய பேப்பரே இல்லை என்றார்கள்.

டாக்டர் அது கனவு என்கிறார். இருக்கலாம். அம்மா என்று என்னைக் கூப்பிட்டது யார் என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

ஆனால் தப்பு இருந்தது. மத்தியானக் கட்டில் இல்லை, காலைக் கட்டில். ஒரு பொருளிலிருந்து இன்னொரு பொருளைத் தயாரிக்கிற கேள்வி. விடைக்குறிப்பில் இரண்டு படி. அந்தப் பிள்ளை வேறு வழியில், மூன்று படியில் போய் அதே பொருளுக்கு வந்திருக்கிறது. ஒவ்வொரு படியும் சரி. நான் முதல் வரியைப் பார்த்ததும், குறிப்பில் இல்லையே என்று பக்கம் முழுக்கக் குறுக்கே கோடு போட்டிருக்கிறேன். அந்த மார்க் இல்லாமல் அந்தப் பிள்ளை ஃபெயில். கோடு அழுத்தமாக, நேராக இருந்தது. தூங்கி வழிந்த கை போட்ட கோடு இல்லை அது. காலையில் குளித்து, ஜெபித்து, காப்பி குடித்துவிட்டுப் போய் முழு விழிப்போடு போட்டது.

அந்தப் பிள்ளைக்கு மார்க் போட்டுப் பாஸ் என்று அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். யார், எந்த ஊர் என்று சொல்ல விதி இல்லை. ரிசல்ட் வந்த மே மாதத்திலிருந்து ஆகஸ்ட் வரை அந்தப் பிள்ளை எங்கே இருந்தது, எப்படித் தூங்கியது என்று எனக்குத் தெரியாது. நான் கண் அசந்ததற்காக வந்து சொல்லியிராவிட்டால் அந்தக் கட்டை யாரும் பிரித்திருக்கமாட்டார்கள். இரண்டு மாசம் நான் எந்தப் பிள்ளைக்காகத் துடித்தேனோ, அந்தத் துடிப்பை வைத்து ஆண்டவர் வேறொரு பிள்ளையைத் தூக்கி நிறுத்தினார். இதை நினைத்தால் நன்றியும் வருகிறது, நடுக்கமும் வருகிறது.

மெமோ வந்தது. வேலை போகவில்லை. பேப்பர் திருத்த என்னைக் கூப்பிடுவதில்லை. கோபிப் பிள்ளை அக்டோபரில் மறுபடியும் எழுதிப் பாஸ் பண்ணிவிட்டாள் என்று கண்ணம்மாள் டீச்சர் விசாரித்துச் சொன்னார். அதற்கு மேல் அவளைப் பற்றி நான் கேட்கவில்லை.

எங்கள் பள்ளியில் ஐந்தரை மணி வகுப்பை நான் எடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். தலைமையாசிரியையோடு பெரிய சண்டை. கடைசியில் ஏழரை என்று முடிவானது. நூற்றுக்கு நூறு போய்விட்டது, போகட்டும். என் வகுப்பில் யாருக்காவது கண் சொருகினால் டெஸ்கில் தலை சாய்க்கச் சொல்கிறேன். மணி அடித்த பிறகு தனியாகக் கூப்பிட்டு, ராத்திரி எத்தனை மணிக்குப் படுத்தாய் கண்ணு என்று கேட்கிறேன். போன வருஷம் ஒருத்தி, கண்ணை மூடினால் பயமாக இருக்கிறது என்றாள். அவள் அம்மாவை வரச் சொல்லி, அதே டாக்டரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து ஜெபித்துக்கொண்டிருந்தேன். இப்போது நன்றாக இருக்கிறாள்.

பிரியமானவர்களே, உங்களில் தூக்கம் வராமல் கிடக்கிறவர்கள் இருப்பீர்கள். டீச்சர்கள் இருப்பீர்கள், படிக்கிற பிள்ளைகள் இருப்பீர்கள். ஆண்டவரை நம்புங்கள், அவர் கேட்கிறவர். ஆனால் நான் செய்தது போல அவருக்கும் மறைத்து வைத்துக்கொண்டு கேட்காதீர்கள். உள்ளதைச் சொல்லிக் கேளுங்கள். அவர் உதவியை டீச்சர் உருவத்தில் அனுப்புவார், டாக்டர் உருவத்தில் அனுப்புவார், மோர் கொடுத்துக்கொண்டே முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்கிற ஒரு அம்மா உருவத்திலும் அனுப்புவார். யார் வந்தாலும் தள்ளிவிடாதீர்கள். இன்று ராத்திரி உங்களுக்குக் கண் மூடவில்லை என்றால், தனியாகக் கிடக்காதீர்கள். பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்புங்கள். அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.